கண்ணாடிக்குள் தெரிந்த பெயர்

வத்தேகமையில் பிரேமிளா வாடகைக்கு இருந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் அடுப்பிருந்த குசினியின் வாசலில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பெயர் மிதந்துகொண்டிருந்தது. வேலைக்காரி.

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அசையாமல் அங்கேயே இருந்தது. சனிக்கிழமை மாலை மழை கூரைத் தகரத்தில் கொட்டி, சுவரெல்லாம் ஈரவாடை ஏறி, விளக்கைப் போட்டும் குசினிப் பக்கம் மட்டும் வெளிச்சம் போய்ச் சேராமல் கிடந்தது.

கண்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பனி இப்படி ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தது. ஒருவரைப் படம்பிடித்துப் பெயர் கொடுத்துவிட்டால், அடுத்தமுறை பார்க்கும்போது அவர் தலைக்கு மேல் அந்தப் பெயர் தெரியும். எதிர்காலம் ஃபோனுக்கா, கண்ணாடிக்கா என்று அவள்தான் அறிக்கை எழுத வேண்டும். ஃபோனைத் தாழ்த்தினால் பெயர் போய்விடும், கண்ணாடி அப்படி விடாது, போட்டிருக்கும்வரை கூடவே வரும் என்று காலையில்தான் எழுதியிருந்தாள்.

ஃபோனை எடுத்து வாசலுக்கு நேரே பிடித்தாள். வெறும் வாசல்தான். கண்ணாடியில் மட்டும் அந்தப் பெயர், அவள் கையாலேயே கொடுத்த பெயர்.

இரண்டு மாதத்துக்கு முன், பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா பேச்சியம்மா சொல்லாமல் கொள்ளாமல் கம்பனிக்கு வந்து நின்றாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் ஒரு பை பேரிக்காய். அப்பாவுக்குக் கண்டியில் கடை இருந்தது என்று அங்கே எல்லாரிடமும் கதைவிட்டிருந்த பிரேமிளாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"இவங்க ஆரு?" என்றாள் பக்கத்து மேசை ஜஹானா.

"வீட்டுல வேல செய்றவங்க."

தோட்டத்துப் பெண்கள் கண்டி வீடுகளில் வேலைக்கு நிற்பது புதிதில்லை, யாரும் சந்தேகப்படவில்லை. செயலியைச் சோதிக்க ஓர் ஆள் கிடைத்தது என்று ஜஹானா சிரிக்க, பிரேமிளாவும் சிரித்துக்கொண்டே படம்பிடித்துப் பெயரை அடித்தாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். திரையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"அப்ப நா வாரேங்க நோனா," என்றாள், பெற்ற மகளை எசமானியாக்கி.

அடுத்த மாதமே பேச்சியம்மா செத்துப்போனாள். லீவு கேட்டபோதும், வேலைக்காரம்மா தவறிவிட்டதாகத்தான் பிரேமிளா சொன்னாள். வேலைக்காரியின் சாவுக்குக்கூடப் போகிறாயே, உனக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். அதை நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

இப்போதாவது மாற்றிவிட வேண்டும். ஃபோனில் அந்தப் பெயரை அழித்தாள். அம்மா என்று அடித்தாள்.

வாசலில் இருந்த பெயர் அணைந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி வந்தது. பெயர் இடப்பட்டவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்று செயலியில் ஒரு வசதி உண்டு.

உரியவர் இந்தப் பெயரை மறுத்துவிட்டார்.

பழைய பெயர் திரும்பி வந்தது. வாசலில் இல்லை. கூடத்துக்குள். இந்தமுறை முழங்கால் உயரத்தில்.

யாரோ குனிந்திருக்கிறார்கள். இல்லை, மண்டியிட்டிருக்கிறார்கள்.

"அம்மா, எந்திரிம்மா. நீ இதெல்லாம் செய்யாத. நாந்தான், ஒம் புள்ள."

தரை துடைக்கும் ஈரச் சாக்கின் வாடை. சிமெந்துத் தரையில் சரக், சரக்.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். பெயர் போய்விட்டது. சத்தம் போகவில்லை.

தரையில் ஒரு ஈரக்கோடு. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். மூலை முடுக்கு விடாமல், அவசரப்படாமல். அவளை நோக்கி.

முதுகு சுவரில் முட்டியது. இனி நகர இடமில்லை.

"மன்னிச்சிரும்மா..."

ஈரம் அவள் கால்விரல் நுனியில் வந்து நின்றது.

சில்லென்ற ஒரு கை அவள் வலது காலைப் பக்குவமாகத் தூக்கியது. அடியிலிருந்த தரையைத் துடைத்தது. கீழே வைத்துவிட்டு, இடது காலைப் பிடித்தது.