பதிலாள்

அப்பாவின் குரலுக்குப் பின்னால் ஒரு காகம் கரைந்தது. "கால் வலி பரவாயில்லைப்பா" என்பதற்கும் "நீ சாப்பிட்டியா" என்பதற்கும் நடுவில், இரண்டு முறை. நேற்றும் அதே இடத்தில்தான் கரைந்தது. முந்தாநாளும்.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். சாயங்காலம். ஏசியின் இரைச்சலுக்கு நடுவே எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், யாரோ பாதியில் விட்டுப்போன காபியின் ஆறிய வாசனை மட்டும் அவனோடு தங்கியது. தூக்கம் கெட்டவனுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மனம் ஒப்பவில்லை.

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் வைக்கும் பேசும் பெட்டியைத்தான் அவன் வேலைபார்க்கும் கம்பெனி செய்கிறது. அப்பா வீட்டிலும் ஒன்று இருந்தது. பிள்ளைகள் நலம் விசாரித்தால் கேள்வி நேரே பெட்டிக்குப் போகாது. நடுவில் ஒரு பிராக்ஸி நிற்கும். பதிலாள். பெட்டி எப்படிப் பேசுமோ அப்படியே அதுவும் பேசும். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, தெரியவும் கூடாது. பெட்டி பதில் தரத் தாமதித்தால், பெரியவர் குரலில் கடைசியாகச் சேமித்துவைத்த பதிலை எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் புரோகிராமை எழுதியவன் அவன்தான். எழுதிய சூட்டோடு, அப்பா தன்னைக் கூப்பிடும் பக்கத்திலும் தனக்காக இன்னொரு பதிலாளை நிறுத்திவிட்டான். "வேலையா இருக்கேன்பா." "இந்த வாரம் கண்டிப்பா வரேன்பா." அவன் குரலிலேயே பதிந்த நாலைந்து வாக்கியங்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அலுப்பு.

இப்போது பதிலாளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை நேரே கூப்பிட்டான். திங்கட்கிழமையிலிருந்து அது செத்துக் கிடந்தது. அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

ஊரின் அந்தக் கோடியிலிருந்த அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனான். பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பூட்டிக்கிடந்த வீட்டின் புழுக்கம், அதற்கடியில் லேசாகத் தித்திக்கிற ஏதோ ஒரு நாற்றம், சமையலறையில் ஃபிரிட்ஜ் மட்டும் நடுங்கி நடுங்கி அடங்குகிற சத்தம். அப்பா ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் இருந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

கையைத் தொட்டான். கல்லாக இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கையைப் பிடித்தபடி, அக்காவுக்குச் சொல்வதற்காக மறுகையால் போனை எடுத்தான். திரையில் பதிலாளின் குறிப்பு ஒன்று காத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் வந்தது.

அப்பா கேட்டது: எப்பப்பா வருவே?

சொன்ன பதில்: கிளம்பிட்டேன்பா.

இரண்டு முறை படித்தான். அப்படி ஒரு வாக்கியத்தை அவன் பதிந்துவைக்கவே இல்லை. பெட்டியைப் பார்த்தான். அதன் வயர் பிளக்கிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

ஃபிரிட்ஜின் சத்தம் நின்றது.

வெளியே செருப்பைக் கழற்றும் ஓசை. பிறகு கதவில் தட்டல்.

"அப்பா, நான்தான். வந்துட்டேன்."

அவன் குரல். துளி அலுப்பும் இல்லாத அவன் குரல்.

அவன் பிடியிலிருந்து அந்தச் சில்லிட்ட விரல்கள் மெல்ல உருவிக்கொண்டன. நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்தார். அவன் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, கூடத்தைத் தாண்டிப் போனார்.

"இருப்பா, வரேன்."

போகாதீங்க. திறக்காதீங்க. கத்துவதற்காக வாயைத் திறந்தான். தொண்டை அசைந்தது. உதடு அசைந்தது.

"அப்பா" என்ற சொல் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது.