சிவப்புக் கூரை

யோகராஜா மாமா கார் ரேஸ் ஓடப்போகிறார் என்ற செய்தி லண்டனின் நோர்பரி முழுக்கப் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டில் சிவனேஸ்வரி மாமி இருக்கும்போது செய்திக்குக் கால் முளைக்கக் கேட்கவா வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பத்து வயது லக்‌ஷிகாவும் அவர்களோடு போனாள். லண்டன் ஓரத்தில் வட்டமான, சின்ன ஓடுபாதை. அங்கே இறங்கியதிலிருந்து அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"மாமா, மற்றக் காரை இடிக்கலாமோ?"

"ஒரு வகுப்பில இடிக்கலாம். இன்னொரு வகுப்பில இடிச்சால் வெளியால அனுப்பிடுவினம்."

"நீங்கள் எந்த வகுப்பு?"

மாமா தலையைச் சொறிந்தார். "இடிக்கக் கூடாத வகுப்பெண்டுதான் நினைக்கிறன்."

நினைக்கிறாராம்! ஆறு மாதமாகச் சனி, ஞாயிறு பாராமல் அந்தக் காரைக் கழற்றிப் பூட்டிய மனிதர்.

அப்போது கார்களைச் சோதிக்கும் பெண் வந்தார். கூரையைப் பார்த்ததும் நின்றார்.

"இது உங்கள் முதல் போட்டிதானே? கூரை ஏன் வெள்ளையாக இல்லாமல் சிவப்பாக இருக்கிறது?"

மாமா மெல்ல மாமியைப் பார்த்தார்.

"முதல் ஓட்டத்துக்கு வெள்ளை அடிக்கிறதோ? சிவப்புத்தான் மங்களம்!" என்றார் மாமி.

லக்‌ஷிகா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இங்கே சிவப்புக் கூரை மிக வேகமானவர்களுக்கு. புதியவர்களுக்கும் மெதுவாக ஓடுபவர்களுக்கும் வெள்ளை. ஒரு மணி நேரத்தில் மாற்றாவிட்டால் ஓட முடியாது."

மாமாவின் முகம் சுருங்கியது. கையிலிருந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிடக் கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ் சுத்தின பேப்பர் வெள்ளைதானே, அதை ஒட்டுவம்," என்றார் மாமி.

"பறந்திடும் மாமி!"

லக்‌ஷிகா சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் டெரி என்ற வாட்டசாட்டமான போட்டியாளர் டயர் ஒன்றில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் வெள்ளைப் பெயிண்ட். அவருடைய வெள்ளைக் கூரையின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் எட்டிப் பார்த்தது.

அவள் இரண்டு மட்டன் ரோல்ஸோடு போனாள். "உங்கள் கூரை முன்பு மஞ்சளா?"

"போன வாரம்வரை. சரியாக ஓடவில்லை. ஒரு படி கீழே, வெள்ளைக்கு இறக்கிவிட்டார்கள்."

"அடடா! இதைச் சாப்பிடுங்கள்."

ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினார். பிறகு அடுத்ததற்குக் கை நீட்டினார்.

"மிச்சப் பெயிண்ட் இருக்கிறதா?" என்று கேட்டாள் லக்‌ஷிகா. "எங்கள் மாமாவை ஓட விடமாட்டார்களாம்."

டெரி காரின் அடியிலிருந்து இரண்டு ஸ்ப்ரே டின்களை எடுத்தார்.

முதல் பூச்சில் கூரை ரோஸ் நிறமானது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் பூச்சில் வெள்ளையானது. சோதிக்கும் பெண் தாளில் சரி போட்டார்.

கார்கள் வரிசையில் நின்றபோது லக்‌ஷிகா மறுபடியும் குழம்பினாள். மாமா முன்னால்! சிவப்புக் கூரைகள் எல்லாம் கடைசியில்!

"கெட்டிக்காரர்கள் ஏன் பின்னால்?"

டெரி தன் காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: "அவர்கள் துரத்திப் பிடிக்க வேண்டும். அதுதான் விதி."

பச்சைக் கொடி அசைந்தது. அரைச் சுற்றுவரை மாமாதான் முதல்! பிறகு ஒவ்வொருவராக முந்தினார்கள். மாமா யாரையும் இடிக்கவில்லை. கடைசியாக, சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார்.

அவர்கள் வீடு திரும்புமுன்பே ஸ்ட்ரெதம், பிளேஸ்டோ என்று லண்டன் எங்கும் மாமியின் வீடியோ போய்விட்டது. பதினொரு விநாடி. மாமா முன்னால், மற்ற எல்லாரும் பின்னால்.

"மிச்ச ரேஸ் எங்கை மாமி?"

"போனில சார்ஜ் முடிஞ்சு போச்சு பிள்ளை," என்ற மாமி, அதே போனில் அந்த வீடியோவைப் பன்னிரண்டாவது முறையாக ஓடவிட்டார்.