பிரிக்கக் கூடாத உறை

காபித் தம்ளரைக் குடத்து மூடிமேல் வைத்துவிட்டுத் தையல்நாயகி அடுப்பங்கரைக்குள் நகர்ந்துகொண்டாள். அவள் நின்றால் வேங்கடேசன் எடுக்கமாட்டான். ஒரு வருஷமாக இப்படித்தான்... அவள் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை, அவளோடு பேசுவதுமில்லை.

கணவன் பாண்டுரங்கனின் தம்பி அவன். அவள் விழுப்புரத்துக்கு வாழ வந்தபோது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். ஊட்டியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை; அது குறையாகத் தெரியாதபடி அவன் வளர்ந்தான்.

போன வருஷம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டான். மெட்ராஸுக்குப் போய் எழுதிய பரீட்சையில் நல்ல மார்க்தான். அது மட்டும் போதாதாம். திண்டிவனத்தில் அவன் படித்த கல்லூரியே மதிப்பெண்களை உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தரவேண்டும். வழியில் யாரும் பிரிக்கக் கூடாது. அவன் வாங்கியது நூற்றுக்கு அறுபத்து நான்கு. இங்கே முதல் வகுப்பு. அங்கே அதைச் சுமாரான மார்க் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால், வகுப்பிலேயே இவன்தான் முதல் என்று கல்லூரி முதல்வர் எழுதிய கடிதமும் அதற்குள் இருந்தது.

அதை அனுப்பிய அன்று அவன் ஊரில் இல்லை. மாமியார் லட்சுமியம்மாள் சாமி படத்தடியிலிருந்து எடுத்துக் கொடுத்த உறையைத் தபாலில் சேர்த்தவள் தையல்நாயகி.

பதில் வந்தது. உறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்ததாம். அந்த மதிப்பெண்களை ஏற்க முடியாதாம். மாமியார் அப்போது மகளின் பிரசவத்துக்காக வளவனூர் போயிருந்தாள்.

"நான் போய்டுவேன்னு அழுதுகினு இருந்தியே, அதுக்குத்தான பிரிச்ச? நீ ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்..." என்றான் வேங்கடேசன்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. உறையைக் கொடுத்த அத்தையின் விரல் நுனிகளில் மஞ்சள் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. ஊரிலிருந்து திரும்பிய அத்தையிடம், இடமில்லை என்று எழுதிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருஷமும் அவன் எழுதிப்போடப் போகிறான். நேற்று திண்டிவனத்திலிருந்து புது உறை வந்திருந்தது. இன்று, காபியை எடுக்காமலே வேங்கடேசன் குளிக்கப் போயிருந்தான். சாமி படத்தடியில் ஏதோ சத்தம். தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். லட்சுமியம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்து, கொண்டை ஊசியை உறையின் ஓரத்தில் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்ப் பிடுங்கினாள்.

"குடுடி தையலு. கல்யாணப் பத்திரிகையே மஞ்சா வைக்காம குடுக்க மாட்டோம், இது புள்ள கடல் தாண்டிப் போற காயிதம். கவர் மேல வச்சா உள்ள இருக்கற மார்க்குக்கு எப்படி எட்டும்? போன வருஷம் பிரிச்சித்தான வச்சி, சோத்துப் பருக்கையால ஒட்டிக் குடுத்தேன்? கொஞ்சமா வச்சிட்டேன் போலருக்கு, அதான் எடம் கெடைக்கல. இந்த வாட்டி நெறைய வைக்கறேன்."

பின்னால் தண்ணீர் சொட்டியது. வேங்கடேசன் தலை துவட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

தையல்நாயகி அவனைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

அவன் தாயின் எதிரே மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இதுல வைம்மா. எழுதுன கை இதுதான்."

லட்சுமியம்மாள் சந்தோஷமாக உள்ளங்கை நிறையப் பூசினாள்.

அடுப்பங்கரைக்கு வந்தவன், "அண்ணி..." என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு. "ஏன் சொல்லல?"

"எம்மேல இருக்கற கோவம் உனக்கு என்னிக்காவது ஆறிடும் தம்பி. நாமளே புள்ளயக் கெடுத்துட்டோம்னு அத்தைக்குத் தெரிஞ்சா... அவங்களுக்கு ஆறாது."

"நான் அன்னிக்கு அந்த வார்த்தைய..."

 பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, சொன்னால் பொய்யாகிவிடும். முந்தானையால் அவன் ஈரத்தலையைத் துவட்டினாள். அவன் அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினான்.

பிறகு உறையை நீட்டினாள். அவன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"கையெல்லாம் மஞ்சா அண்ணி. நீயே கொண்டுபோய்ப் போடு."

ஆறிப்போன காபியை அவளே அவன் வாய்க்குத் தூக்கிப் பிடித்தாள். அவன் குடிக்கும்போதே, மறுகையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரம் லேசாகக் கசங்கியிருந்தது. முத்திரை முழுசாக இருந்தது.

இந்தத் தடவை அவன் போய்விடுவான்.