எதிரேறி வந்த விளக்கு

சத்தியமங்கலத்தில் பவானிக்கரை ஓரமாக அந்தப் பழைய வீடு வாடகைக்குக் கிடைத்ததில் மாலிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தாய்லாந்து மில் ஒன்றில் தறி மெக்கானிக்காக இருந்த பாலகோபாலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். இப்போது முழுகாமல் இருந்தாள். குடிவந்த மறுநாளே கார்த்திகைப் பௌர்ணமி. அவள் பிறந்த தாய்லாந்திலும் இதே பௌர்ணமியில்தான் ஆற்றில் விளக்கு விடுவார்கள்.

பொழுது சாய, வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, இலையை இதழிதழாக மடித்துக் குத்தி, செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் வைத்தாள். தன் நகத்தையும் முடியையும் துளி நறுக்கிப் போட்டாள். பிடித்த பீடையெல்லாம் அதோடு போய்விடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பாவாத்தாள், "இந்தப் படித்துறையில ஆத்துக்கு எதுவும் குடுக்கறதில்லீங்க அம்மணி. அது தானா எடுத்துப் பழகிருச்சுங்க," என்றாள்.

பாலகோபால் பக்கத்தில் நிற்க, மாலி சிரித்துக்கொண்டே விளக்கை விட்டாள். அது மினுக்கி மினுக்கிப் போய் வளைவில் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

நீரோட்டத்துக்கு எதிராக, சுடர்கூட அசையாமல் வந்து படியில் முட்டி நின்றது. செவ்வந்தி அழுகிக் கறுத்திருந்தது. நடுவில் யாருடையதோ ஈரச் சடை சுருண்டு கிடந்தது.

எடுக்கக் குனிந்த பாலகோபாலிடம், "தொடாதீங்க," என்று மாலி கிசுகிசுத்தாள். "அதுல இருக்கற பீடை எடுக்கறவங்களைத்தான் பிடிக்கும்."

கணவனும் மனைவியும் உள்ளே ஓடித் தெருக்கதவைத் திறந்தார்கள்.

தெரு இல்லை. அதே படித்துறை. அதே விளக்கு.

சமையலறைக் கதவைத் திறந்தார்கள். அங்கேயும் படித்துறைதான். விளக்கு ஒரு படி மேலே ஏறியிருந்தது.

ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் கறுத்த தண்ணீர். சேற்று வாடை மூச்சை அடைத்தது. மாலி பாவாத்தாளைக் கூப்பிட்டாள். தண்ணீருக்கடியில் பேசியதுபோலக் குரல் அமுங்கிப்போனது.

பாலகோபால் அவள் வயிற்றைப் பார்த்தான். "நான் எடுத்துப்போடறேன் கண்ணு. என்னைப் பிடிச்சா உன்னை விட்டுரும். தெரு தெரிஞ்சதும் நிக்காம போயிரு."

"வேண்டாங்க."

அவன் குனிந்து இரண்டு கையாலும் எடுத்தான்.

தெருக்கதவுக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. எதிர்வீட்டு வாசலில் அகல்விளக்குகள் எரிந்தன. மாலி விழுந்தடித்து ஓடினாள். பாவாத்தாள் வந்து தாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கையில் கதவு சாத்தியிருந்தது.

ஆட்கள் உடைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே யாரும் இல்லை. ஆற்றில் நாள்கணக்கில் தேடியும் அவன் கிடைக்கவில்லை.

வைகாசியில், சூலூரில் மாமியார் வீட்டில், மாலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கை மூடியே இருந்தது. மாமியார் மெல்ல விரலைப் பிரித்தாள்.

"இதென்ன அம்மணி, கொழந்தை கையில ஆத்து மணலு?"

மாலி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

காலையில் பிரித்தபோது மறுபடி இருந்தது, ஈரமாக.