கண் கூசாத வெளிச்சம்

யுவஸ்ரீயின் அம்மா புஷ்பலதா திருத்தணியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காரின் இடது பக்க முன்விளக்கு எரியாமல் போனது. அரையாண்டு விடுமுறை என்பதால், ஆறாம் வகுப்பு படிக்கும் யுவஸ்ரீயும் பல்பு வாங்க அம்மாவுடன் கிளம்பினாள்.

கடைக்காரர் கஜபதி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் 3200 என்று போட்டிருந்தது. மற்றொன்றில் 6500.

"பெரிய நம்பரே வாங்கலாம்மா. பரீட்சையிலகூட பெரிய நம்பர்தானே நல்லது?" என்றாள் யுவஸ்ரீ.

இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்றார் கஜபதி. அம்மாவும் சரி என்றார். இரண்டு பக்கமும் புதிய பல்பு ஏறியது. வலது பக்கம் நன்றாக எரிந்துகொண்டிருந்த பழைய பல்பை மட்டும் அம்மா துணியில் சுற்றிக் காருக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளிப்பட்டில் ஒரு குடும்பத்தை ஏற்றிவர வேண்டியிருந்தது. யுவஸ்ரீ முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாலை முழுவதும் பால் போன்ற வெளிச்சம். தான் தேர்ந்தெடுத்த பல்பு என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வளைவில் எதிரே ஒரு மொபெட் வந்தது. திடீரென்று அது தள்ளாடி, சாலையை விட்டு இறங்கி, பக்கத்து வாய்க்காலில் சாய்ந்தது.

அம்மா உடனே காரை ஓரங்கட்டினார். இருவரும் ஓடினார்கள். மொபெட்டில் வந்தவர் வேடியப்பன். திருத்தணி மலையடிவாரத்தில் பூ விற்பவர். முழங்கை சிராய்த்திருந்தது. கூடை கவிழ்ந்து, சாமந்தியும் முல்லையும் சேற்றில் கொட்டிக் கிடந்தன.

அம்மா மொபெட்டைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, தாமதமாகும் என்று பள்ளிப்பட்டுக்காரர்களுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். யுவஸ்ரீ சேறு படாத பூக்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

"எப்படி விழுந்தீங்க, மாமா?"

"வந்துகினே இருந்தேன் பாப்பா. எதிர்ல ஒரு வெள்ளை வெளிச்சம். கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. எந்த வண்டியோ தெரியல, நிக்காம போய்ட்டான்."

யுவஸ்ரீயின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சாலையில் அவர்களுடைய காரைத் தவிர வேறு வண்டியே வரவில்லை.

அம்மா திரும்பி வந்ததும் வேடியப்பன் கைகூப்பினார். "நீங்க வர்லன்னா இன்னா ஆயிருப்பேனோ. ரொம்ப நன்றிம்மா" என்றவர், வேண்டாம் என்று தலையாட்டிய யுவஸ்ரீயின் கையில் ஒரு பிடி முல்லையைத் திணித்துவிட்டுப் போனார்.

யுவஸ்ரீ அந்தப் பூவைத் தலையில் வைக்கவில்லை. பள்ளிப்பட்டுக்குப் போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன.

"நம்ம விளக்கால்தாம்மா அவர் விழுந்தார். அந்தப் பல்பை நான்தானே வாங்கச் சொன்னேன்."

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "வண்டி ஓட்டினது நான். தூறல்ல எனக்கே ரோடு சரியா தெரியல கண்ணு. புது பல்பாச்சேன்னு நானும் யோசிக்காம வுட்டுட்டேன்."

யுவஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்புப் பெட்டியை எடுத்து வந்தாள். அதன் பின்புறம் ஒரு பட்டை அச்சாகியிருந்தது. ஒரு முனையில் மஞ்சள், நடுவில் வெள்ளை, மறுமுனையில் நீலம். மஞ்சளுக்குக் கீழே 3000. வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையில் 6500. அப்படியானால் அந்த எண் வெளிச்சத்தின் அளவே இல்லை, நிறம்! வெளிச்சம் எவ்வளவு என்று சொல்ல லூமென் என்று வேறொரு எண் இருந்தது. அதில் பன்னிரண்டாயிரம் என்று போட்டிருந்தது; சாதாரண பல்பைவிட அது பல மடங்கு அதிகம்.

"அம்மா, பழைய பல்பை ஒரு பக்கம் மாட்டுங்க. ரெண்டையும் பார்த்துடலாம்" என்றாள்.

அன்று மாலை இருட்டத் தொடங்கியதும், வீட்டுக்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்து அம்மா காரை நிறுத்தினார். ஒரு விளக்கைக் கோணியால் மூடி மற்றதை எரியவிட்டார்கள். பழைய பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுவரில் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. புதியதோ மேல்மாடி வரைக்கும் ஏறியது. அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அனுசுயா அக்கா, யார் போட்டோ எடுப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அடுத்து யுவஸ்ரீ குழாயால் தண்ணீரை மழை போல் தூவினாள். வெள்ளை வெளிச்சத்தில் துளிகள் எல்லாம் மின்னி, கண்முன் ஒரு திரை தொங்கியது. மஞ்சளில் தரையில் கிடந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது.

கடைசியாக, மொபெட் ஓட்டுவதுபோல் கைகளை முன்னால் வைத்துக்கொண்டு விளக்கை நோக்கி நடந்தாள். மஞ்சளில் அம்மா காருக்குள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வெள்ளையில் நாலடி வைப்பதற்குள் பூந்தொட்டியில் இடித்துக்கொண்டாள்.

"போதும்டி, தொட்டி பாவம்" என்றார் அம்மா. அன்றைக்கு முதல் முறையாக இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கஜபதி கடையில் 3200 பல்பு இரண்டு மாட்டினார்கள். யுவஸ்ரீ பெட்டியின் பின்புறப் பட்டையைக் காட்டியதும் கஜபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இத்தனை வருடம் விற்றும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மலையடிவாரத்துக்குப் போனார்கள். வேடியப்பன் கட்டுப் போட்ட கையோடு மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்துக் கடைக்காரரிடம், தன்னைத் தூக்கிவிட்டவர்கள் இவர்கள்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

யுவஸ்ரீ ஓரடி முன்னால் வந்து சொன்னாள்.

"மாமா, அந்த வெள்ளை வெளிச்சம் எங்க வண்டியோடதுதான். நான் தெரியாம அந்தப் பல்பை வாங்கச் சொல்லிட்டேன். இப்ப மாத்திட்டோம். என்னை மன்னிச்சுடுங்க."

அம்மா, மருந்துச் செலவையும் வீணான பூவுக்கான பணத்தையும் தாம் தருவதாகச் சொன்னார்.

வேடியப்பன் மாலையைக் கீழே வைத்துவிட்டு யுவஸ்ரீயைப் பார்த்தார்.

"இத நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆங், மாமா."

"பூவுக்கு மட்டும் குடும்மா, போதும். காயம் ஆறிடும்" என்றார் அம்மாவிடம். பிறகு யுவஸ்ரீயிடம் திரும்பினார். "நேத்து சொன்ன நன்றி அப்படியே இருக்கட்டும் பாப்பா. இன்னைக்கு இன்னொண்ணு சொல்றேன். தெனம் காத்தால அந்த ரோட்டுல பூக்காரங்க மட்டும் பத்து பேர் வர்றோம், இனி உங்க வண்டியால எங்க கண்ணு கூசாது."

யுவஸ்ரீக்கு மனசு லேசானது. அவர் சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டவராக, ஓரத்தில் நின்ற மொபெட்டைக் காட்டினார்.

"விழுந்ததுல அதோட விளக்கும் உடைஞ்சு போச்சு. எந்த பல்பு போடலாம்னு நீயே பார்த்துச் சொல்லேன்."

அன்று மதியம் கஜபதியின் கடையில் யுவஸ்ரீ ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அவள் ஒன்றை எடுத்து நீட்டும்வரை, கஜபதியும் வேடியப்பனும் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.