தொட்டவள் கை

முதல் குகையைத் தாண்டி வெளிச்சம் வந்தபோது, ஏஞ்சலுக்கு எதிரே அதுவரை காலியாகக் கிடந்த இருக்கையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலின் கார்டு வெளியிலிருந்து சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. முறுக்குத் தின்றபடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் கவனிக்கவில்லை. அவர்கள் காலையிலிருந்து ஏஞ்சலையும்தான் கவனிக்கவில்லை.

கோயம்புத்தூர்க் குளத்தங்கரை விடுதியில் மூன்று நாள் யாரோடும் பேசாமல் கிடந்துவிட்டு ரயிலேறியவள் அவள். வீட்டின் முதல் பட்டதாரி. பன்னிரண்டு மணிக்குள் குன்னூர்ப் பள்ளியில் டீச்சராகக் கையெழுத்துப் போடாவிட்டால், அந்த வேலை, பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"இன்னாமா, ஏறிக்கினு இருக்கியா?" என்று அம்மா போனில் கேட்டதோடு சிக்னல் செத்திருந்தது.

"கண்ணுக்கு எந்த ஊருங்க?" என்றார் எதிரிலிருந்தவர்.

"காஞ்சிபுரம்."

"அட! தங்கப் பல்லியத் தொட்டிருப்பீங்களே?"

ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒன்று பட்டு, இல்லாவிட்டால் பல்லி. கோயில் கூரையில் பதித்த அந்தப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகுமாம். போக முடியாதவர்கள், தொட்டவர் கையைத் தொட்டாலே போதுமாம். ஏஞ்சல் அந்தக் கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. இல்லை என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். மறுபடி முறுக்குச் சத்தம் மட்டும்.

"தொட்டிருக்கேன்மா."

"கையக் குடுங்க சாமி."

நீட்டினாள். ஈரமான, சில்லிட்ட விரல்கள் அவள் வலது கையைப் பற்றிய நொடியில் அடுத்த குகை வந்தது. புகை நெடி, வௌவால் வாடை, பாறையில் சொட்டும் நீர், எல்லாம் ஒன்றாக உள்ளே புகுந்து மூச்சை அடைத்தன. ரயில் நின்றது. முறுக்குச் சத்தமும் நின்றது. பிடி விலகியது.

"வாங்க, வாங்க. காஞ்சிபுரத்துப் பொண்ணு. தொட்டுக்குங்க," என்று இருட்டில் யாரையோ அழைத்தது அம்மாளின் குரல்.

ஜன்னல் வழியாக ஒரு கை. தொட்டது. போனது.

இன்னொரு கை. அடுத்து, யாரோ தூக்கிப் பிடித்த குழந்தையின் கை. விரலே இல்லாத ஒன்று.

கையை மடிக்கு இழுக்கப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே உணர்வு இல்லை.

"பொய் சொன்னேன்! நான் தொட்டதே இல்ல!"

சொட்டும் நீர் மட்டும்.

"பரவால்லீங்க கண்ணு," காதோரம் அந்தக் குரல். "பல்லியோ நீங்களோ, எங்க தோஷத்த யாரோ ஒருத்தர் வாங்கிக்கிட்டாச் சரிதானுங்க."

இன்னொரு கை.

ஏஞ்சல் தலையை வெளியே நீட்டினாள். தூரத்தில், குகையின் வாயில், நகத்தளவு வெளிச்சம்.

அந்த வெளிச்சம் வரைக்கும், தண்டவாளத்தின் மேல், வரிசை நின்றது.