மாற்றிக்கொண்ட ஆம்ப்ளிஃபயர்

கிட்டாரின் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. சுவிட்சை மட்டும் போட்டிருந்தது, பெட்டியில் இன்னும் எதையும் செருகவில்லை. ஆனாலும் அந்தப் புது ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு நாய் குரைத்தது.

ராஜாக்கண்ணு குனிந்து காது கொடுத்தான். மெல்லிய இரைச்சல், அதற்கடியில் பக்கத்து வீட்டு மாதம்மாளின் செவலை நாய், இரண்டு குரைப்பு, பிறகு ஒரு முனகல். மலைமேல் காவலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இது பெரிய அதிசயமில்லை. உள்ளே எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கும், ஆடுகிற பாகம் மைக் மாதிரி வெளிச்சத்தத்தை இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி. மனைவி திரௌபதி தங்கையின் வளைகாப்புக்காகப் போளூர் போயிருந்தாள், அன்று சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். பகலிலேயே பனி வாசல்வரை வந்து நின்றிருந்த வீட்டில் அவன் மட்டும் இருந்தான், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களோடு.

ஒன்று அவனுடையது. ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன வால்வு பெட்டி. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் மெல்லச் சிவந்து, சூடேறிய தூசியின் வாசனை அறை முழுக்கப் பரவிய பிறகுதான் வாயைத் திறக்கும். போளூர் மெல்லிசைக் குழு அவனைக் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டதே அதன் சத்தத்துக்காகத்தான். ஆனால் அதை பஸ் கூரைமேல் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். போன கச்சேரிக்குத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் விடவில்லை.

இன்னொன்று காலையில் வந்த கறுப்புப் பெட்டி. கணியம்பாடியில் மைக் செட் வைத்திருக்கும் தேவராஜ் வேனிலிருந்து அதை ஒற்றைக் கையில் தூக்கிவந்து வைத்தான். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் எல்லாம் பாடுகிறவன், வந்தால் வாய் ஓயாதவன். அன்று கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பெட்டியைக் காட்டினான், ராஜாக்கண்ணுவின் பெட்டியைக் காட்டினான், இரண்டு விரல்களை மாற்றி மாற்றி அசைத்தான்.

ரோட்டில் நின்ற வேனிலிருந்து டிரைவர் கோபால் கத்தினான். "அண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சிங்க! வாசிச்சிப் பாருங்க. புடிச்சிதுன்னா உங்களுத நாங்க எட்த்துக்கறோம். சாயங்காலம் வர்றேன்."

ராஜாக்கண்ணு கிட்டாரைச் செருகி ஒரு கம்பியைத் தொட்டான். தொட்ட இடத்தில் கை அப்படியே நின்றது. பதினைந்து வருஷமாக அவன் மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. ஈரம் சொட்டும் இலைபோல் ஒவ்வொரு சுரமும் நடுங்கி, நீண்டு, யாரோ பெருமூச்சு விடுவதுபோல் முடிந்தது. பிறகு தன் பெட்டியில் அதையே வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மரப்பெட்டியின் சத்தமாக இருந்தது. மற்றது உயிருள்ள தொண்டையிலிருந்து வந்தது.

மதியம் முழுக்க இப்படியே மாறி மாறி வாசித்தான். கொடுக்கக் கூடாது என்று வால்வு பெட்டியைத் துணிபோட்டு மூடினான். மறுபடி கறுப்புப் பெட்டியில் ஒரு கம்பியைத் தொட்டான். துணியை எடுத்துவிட்டான்.

சாயங்காலம் ஹாரன் கேட்டது. கோபால் வேனைவிட்டு இறங்கவில்லை, என்ஜினையும் நிறுத்தவில்லை. ராஜாக்கண்ணுவே இடுப்பு வலியோடு வால்வு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை போனான்.

"அண்ணன் வரலியா?"

"படுத்துகினு இருக்காரு."

"பேச்சு வந்துச்சா?"

கோபால் வேனின் பின்பக்கத்தைக் காட்டினான். "வைங்க, மழ வருது." கியரைப் போட்டவன் ஒரு நிமிஷம் தயங்கினான். "வூட்ல சின்னப் பசங்க யார்னா இருக்காங்களா?"

"இல்லியே. ஏன்?"

"சும்மா கேட்டேங்க."

வேன் பனிக்குள் மறைந்தது. மேட்டில் ஏறித் திரும்பி நடந்த ராஜாக்கண்ணு பாதி வழியில் நின்றான். ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபட நேரமாயிற்று. ஓடையில் தவளைச் சத்தம் இல்லை. மழைக்காலத்தில் காதைத் துளைக்கும் தவளைகள். ஒன்றுகூட இல்லை.

புளியமரத்தடியில் செவலை நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் குரைத்தது. கழுத்து விடைத்தது. பல் தெரிந்தது. வாய் திறந்து மூடித் திறந்தது.

சத்தமே வரவில்லை.

வீட்டுக்குள் தவளைகள் கத்தின.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குள். நூற்றுக்கணக்கில். நடுவில் நாய். அதற்கும் பின்னால், தூரத்து மேடையிலிருந்து வருவதுபோல் ஓர் ஆணின் குரல். "ஹலோ... ஹலோ... ஒன்னு, ரெண்டு, மூணு..." ஊரெல்லாம் அறிந்த குரல். தேவராஜின் குரல். "ஹலோ... யார்னா கீறீங்களா? ஹலோ..."

ராஜாக்கண்ணு பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

காலையிலிருந்து இந்த வீட்டுக்குள் தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். மூச்சுக்கூடச் சத்தமாக விடப் பயந்தான். கடைச் சாமான் பையில் துழாவிச் சுத்தியலை எடுத்தான். பெட்டிக்கு நேராக ஓங்கினான்.

உள்ளே ஒரு குழந்தை அழுதது.

ஜன்னல் வழியே பார்த்தான். மாதம்மாள் வாசலில் நின்று கைக்குழந்தையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. மாதம்மாளின் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. அவன் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "இன்னாடா கண்ணு? சத்தம் போட்டு அழுடா... அழுடா கண்ணு..."

சுத்தியலை இறக்கிவிட்டான். உடைத்தால் இவர்கள் குரல் என்ன ஆகும்? யாரைக் கேட்பது? எப்படிக் கேட்பது?

அப்போது கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

திரௌபதி.

ஓடினான். செருப்பு கழன்று விழுந்தது. கல் குத்தியது. வாயை மட்டும் திறக்கவில்லை. கீழே போகப் போக ஓடை நீரின் சலசலப்பு காதில் விழுந்தது. பஸ்ஸின் உறுமல் விழுந்தது. இங்கே சத்தம் இன்னும் போகவில்லை. அந்தப் பெட்டி இவ்வளவு தூரம் எட்டாது. எட்டக் கூடாது.

பஸ் போய்விட்டது. பனிக்குள் திரௌபதி தனியாக நின்றிருந்தாள், தலையில் வாடாத மல்லிகை, கையில் பை. அவனைக் கண்டு சிரித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். பை விழுந்தது. வளையல்கள் தரையில் உருண்டன. திமிறினாள். விடவில்லை. வந்த வழியே, மலைக்குக் கீழே, கீழே என்று தலையாட்டிக் கெஞ்சினான். அவள் கண்களில் பயம் ஏறியது. அவனைப் பார்த்துத்தான் பயந்தாள். அவன் விரலைக் கடித்தாள்.

கை விலகியது.

அவள் உதடுகள் அசைந்தன.

ஒன்றும் வரவில்லை. ஓடையும் கேட்கவில்லை.

மேட்டின்மேல், ஆளில்லாத வீட்டிலிருந்து, மலை முழுக்கக் கேட்கும்படி அவள் குரல் வந்தது. "இன்னாங்க ஆச்சி உங்களுக்கு?"

திரௌபதி மெல்லத் திரும்பி மேலே பார்த்தாள். தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனுக்கு நேராக, ஒரு கை தூரத்தில், வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. மல்லிகை தோளில் சரிந்தது. அவளைச் சுற்றி ஓர் இலை அசையும் சத்தம்கூட இல்லை.

அலறல் மேலே இருந்து இறங்கி வந்தது.